கடனும் கணக்குப் புத்தகமும்



கடன் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. செய்து தீர வேண்டிய கடமையும் கடன். பிறரிடம் வாங்கிய பணமும் கடன். கன்னடத்தார் அதைச் 'சால' என்பர். தெலுங்கர் 'அப்பு' என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லோ, நம்பிக்கை என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட நமக்கு, பாங்குகளின் விண்ணப்பத் தாள்களைத் தமிழாக்கும்போதெல்லாம் அந்த வேர்ச்சொல் நினைவுக்கு வரும். யார் யாரை நம்புவது? நிலமோ நகையோ இல்லாத ஒரு கிராமத்து ஆணோ பெண்ணோ, சொந்தமாக ஒரு தொழில் தொடங்க முதல் கேட்டால், அவரை நம்பத் துணிகிறவர் யார்? அந்தக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் புத்தகம் எவர் கையில் இருக்கிறது? முதற் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியையே நாம் இன்று முக்கியமாக எடுத்துக்கொள்கிறோம்.

கிராமாந்தரங்களில் வட்டிக்குக் கொடுப்பவரை இகழ்ந்து பேசுவது எளிது. ஆயினும் ஜனங்கள் அவரிடம் ஏன் போகிறார்கள் என்பதை நடுநிலையோடு பார்க்க வேண்டும். நள்ளிரவில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் அவர் கதவைத் தட்டலாம். விண்ணப்பத் தாள் இல்லை. 'மேலதிகாரி வரட்டும்' என்ற பேச்சு இல்லை. கேட்பவரின் பாட்டன் காலத்துச் சங்கதிகூட அவருக்குத் தெரியும். எந்த மாதம் களத்தில் நெல் சேரும், எந்த மாதம் கை வறளும் என்பதும் தெரியும். அந்த அறிவே அவருடைய உண்மையான மூலதனம். சுதந்திரம் அடைந்த சில ஆண்டுகளில், 1951-52-ல், ரிசர்வ் பாங்கு நாடு முழுவதும் கிராமக் கடன் நிலையை ஆராயச் செய்தது. உழவர்கள் வாங்கிய ஒவ்வொரு நூறு ரூபாய்க் கடனிலும் ஏறத்தாழ 70 ரூபாய் லேவாதேவிக்காரர்களிடமிருந்து வந்ததாக அந்த ஆய்வு கண்டது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 ரூபாய். வர்த்தக பாங்குகள் கொடுத்ததோ ஒரு ரூபாய்க்கும் குறைவு.

பெங்களூருக்கு வந்து சேர்ந்த நம்மவர் இந்த விஷயத்தில் கிராமத்தாரைவிட நலிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கும் பிறவற்றுக்கும் வந்தவர்களுக்கு, ஊரில் இருக்கும் துண்டு நிலம் தகப்பனார் பெயரில் இருக்கும். குடும்ப அட்டை அங்கே இருக்கும். அவர்களுடைய நாணயத்துக்குச் சாட்சி சொல்லக்கூடிய மனிதரும் அங்கேயே இருப்பார். இங்கே அவர்களை அறிந்தவர் தண்டல்காரர் ஒருவரே. நம் அலுவலக வாயிலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தண்டலுக்குப் பணம் வாங்குகிறார். கணக்கு இதுதான்: பத்தாயிரம் என்று பேச்சு, ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கையில் தருவது 9,000, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாட்களில் பத்தாயிரமாகத் திருப்பித் தர வேண்டும். 'நூற்றுக்குப் பத்துத்தானே' என்பார் அவர். ஆனால் கடன் நாள்தோறும் கரைந்துகொண்டே போவதால், நூறு நாட்களிலும் சராசரியாக அவர் கையில் நிற்கும் பிறர் பணம் சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாட்களில் ஆயிரம் ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு எண்பது சதவிகிதத்தை நெருங்குகிறது. தினந்தோறும் கட்டியதைக் குறிக்கும் சிறிய அட்டை ஒன்று உண்டு. அது தண்டல்காரரின் பையில் இருக்கிறது.

அண்டை அயலாரே ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றால் பாங்கின் அறியாமை தீரும் என்ற யோசனை புதிதன்று. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரே கிராமத்தாரைக் கொண்டு இத்தகைய கடன் சங்கங்களை நடத்திக் காட்டினார். சென்னை மாகாணத்து அதிகாரியான பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவில் இவற்றை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் விரிவான அறிக்கை அளித்தார். அதன் பின் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு ஜில்லாவாக அன்றிருந்த பகுதியில் திரூரிலும், மறு ஆண்டு இன்றைய கர்நாடகத்தின் கதக் ஜில்லாவில் கணகினஹாளிலும் விவசாயக் கடன் சங்கங்கள் பதிவாயின. இந்தியக் கூட்டுறவின் முதல் ஏடுகளில் தமிழ்க் கிராமம் ஒன்றும் கன்னடக் கிராமம் ஒன்றும் அடுத்தடுத்து இடம் பெற்றிருப்பது, இங்கே வாழும் நமக்குச் சற்று மகிழ்ச்சி தருவதே.

ஆனால் நாளடைவில் சங்கங்கள் பல பெரிதாயின. உறுப்பினர் நூற்றுக்கணக்கில் சேர்ந்தனர். ரைஃபைசன் எண்ணிய ஒரே தெருவின் பழக்கம் மறைந்து, புத்தகம் காரியதரிசியின் அலமாரிக்குள் போயிற்று. நிலத்தின் பேரிலேயே கடன் என்றானபோது நிலமில்லாத ஆண்கள் வெளியே நின்றனர்; பட்டா தம் பெயரில் இல்லாத பெண்கள் அவர்களுக்கும் அப்பால் நின்றனர். 1969-ல் பதினான்கு பாங்குகள் நாட்டுடைமையாயின. கிளைகள் கிராமங்களுக்கு வந்தன. 1975-ல் கிராமிய பாங்குகள் தோன்றின. கட்டடம் அருகில் வந்தது உண்மை. நம்பிக்கை அவ்வளவு விரைவாக வரவில்லை.

இனி பெங்களூருக்கு வருவோம். தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் என்று ஒரு பழங்கோயில் இருக்கிறது. அதன் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பழங்காலத்தில் கோயில்களே கடன் கொடுக்கும் பண்டாரங்களாகவும் விளங்கின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால், ஊர்ச் சபைகளிடம் கொடுத்து வைத்த காசுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி என்று தெரிகிறது. அதாவது பன்னிரண்டரை சதவிகிதம். வட்டியைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. அந்தக் கணக்குக் கல்லிலே வெட்டப்பட்டிருந்தது. போவோர் வருவோர் எல்லோர் கண்ணிலும் பட்டது.

இதே தொம்மலூரில்தான் மைராடா என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் அலுவலகம் உள்ளது. மைசூர்ப் பகுதியில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்துவதற்காக 1968-ல் தொடங்கப்பட்டது அது; பிறகு கிராமப் பணிகளில் இறங்கிற்று. 1984-85-ல் அதன் முயற்சியால் அமைந்திருந்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தன. தலைவர்களிடம் நம்பிக்கை இழந்த உறுப்பினர்கள் சிறு சிறு கூட்டமாக ஸ்தாபனத்தாரிடம் வந்தனர். வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறோம், ஆனால் அந்தச் சங்கத்தின் மூலமாகத் தரமாட்டோம் என்றனர். அப்படியானால் உங்கள் சிறு கூட்டத்திலேயே அதைக் கட்டி, உங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் கிடைத்தது. இன்று நாடெங்கும் பரவியுள்ள சுய உதவிக் குழுக்களின் முக்கியமான ஊற்றுகளில் ஒன்று இந்த எளிய பதில்.

பதினைந்து இருபது பேர் கொண்ட அந்தக் கூட்டத்தை எது பிணைக்கிறது? மைராடாவினர் அதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லைக் கையாள்கிறார்கள். உறவு என்று பெயர்க்கலாமா என்றால், உறவினர் அல்லாதாரும் இருக்கிறார்கள். நட்பு என்றால் போதவில்லை. பேச்சு வழக்கில் உள்ள 'ஒட்டுதல்' என்ற சொல்லே நமக்குக் கிட்டத்தட்டச் சரியாகத் தோன்றுகிறது. சர்க்கார் காகிதங்களில் அது இன்னும் ஏறவில்லை. கர்நாடகக் கிராமங்களில் பெண்கள் வெறுமனே 'சங்க' என்று சொல்லிவிடுகிறார்கள்.

சங்கத்தின் கூட்டம் நடக்கும் முறையைச் சற்று விவரிப்பது தகும். வாரம் ஒரு நாள், குறித்த வேளையில், கோயில் மண்டபத்திலோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ வட்டமாக அமர்கிறார்கள். பிந்தி வருபவருக்குச் சிறு அபராதம். ஒவ்வொருவரும் தம் சேமிப்பை நடுவில் வைக்கிறார்கள்; நோட்டு எல்லோரும் காண எண்ணப்படுகிறது. பிறகு யாருக்குக் கடன் வேண்டும் என்ற கேள்வி. ஒருத்தி ஆடு வாங்க வேண்டும் என்பாள். மற்றொருத்தி மகன் பள்ளிச் சம்பளம் என்பாள். ஆட்டுக்கு மேய்ச்சல் எங்கே, போன தடவை வாங்கியது கட்டியாயிற்றா என்று கேட்பவர்கள் அதே தெருவினர். அவர்களிடம் பொய் செல்லாது. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்று சங்கம் தீர்மானித்தால், அது ஆண்டுக்கு இருபத்து நான்கு ஆகிறது. குறைவான வட்டி அன்று. ஆயினும் அந்த வட்டி சங்கத்தின் பொது முதலிலேயே சேர்ந்து, கொடுத்தவருக்கும் உரியதாகிறது. முடிவில் எழுதத் தெரிந்த ஒருத்தி புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படிக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் கணக்கை வாரந்தோறும் காதால் கேட்கிறார். இந்த உரக்கப் படித்தல் இருக்கிறதே, இதை எந்தச் சட்டமும் கற்பிக்கவில்லை; மற்ற ஏற்பாடுகள் யாவும் இதன்மேல் நிற்கின்றன என்பது நம் அபிப்பிராயம்.

கிராம வளர்ச்சிக்கான தேசிய பாங்காகிய நபார்டு 1987-ல் மைராடாவுக்குப் பத்து லட்சம் ரூபாய் மானியம் அளித்து இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது. பதிவு பெறாத ஒரு பெண்கள் கூட்டத்துக்கு, சொத்துப் பிணையின்றி, அந்தக் கூட்டத்தின் பேரிலேயே பாங்கு கடன் தரலாம் என்று ரிசர்வ் பாங்கு இசைந்தது 1991-ல். 1992-ல் நாடு முழுவதும் 500 குழுக்களைக் கொண்டு பரீட்சார்த்தமாகத் திட்டம் தொடங்கிற்று. முதன்முதலில் துணிந்த கிளைகள் கோலார் ஜில்லாவில் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்: 1991 டிசம்பரில் பங்காருப்பேட்டையில் வைசியா பாங்கு, அடுத்த மாதம் ஆண்டர்சன்பேட்டையில் கார்ப்பரேஷன் பாங்கு. ஆண்டர்சன்பேட்டை என்றதும் தங்கவயல் தமிழ்க் குடும்பங்களுக்கு நெஞ்சு சிலிர்க்கும். அந்த இரு பாங்குகளும் பிற பாங்குகளோடு இணைந்து பெயர் மறைந்துவிட்டன. தங்கச் சுரங்கமும் 2001-ல் மூடப்பட்டது. அந்தச் சோதனை மட்டும் நாடு முழுவதும் பரவி நிற்கிறது. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கிய மகளிர் முன்னேற்றத் திட்டமும் இதே திசையில் சென்றது என்பதை ஊர்ப் பக்கத்து நேயர்கள் அறிவார்கள்.

பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆண்கள்? கடன் கிடைத்துவிட்டால் மட்டும் தொழில் நடந்துவிடுமா? இந்தக் கேள்விக்கும் கர்நாடகமே ஒரு விடை கண்டது. 1982-ல் தென்கன்னட ஜில்லாவில் உஜிரே என்னும் ஊரில், தர்மஸ்தலத்து வீரேந்திர ஹெக்கடே அவர்களின் முயற்சியால், சிண்டிகேட் பாங்கும் கனரா பாங்கும் சேர்ந்து ஒரு சுயதொழில் பயிற்சி நிலையத்தை அமைத்தன. ருட்செட்டி என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். கிராமத்து இளைஞரும் யுவதிகளும் அங்கேயே தங்கி, உணவும் உறைவிடமும் இலவசமாகப் பெற்று, பத்து நாள் முதல் சில வாரங்கள் வரை ஒரு தொழிலைக் கற்கிறார்கள்: பால்மாடு வளர்ப்பு, தையல், மோட்டார் சைக்கிள் பழுது பார்த்தல், கைத்தொலைபேசி பழுது பார்த்தல் போன்றவை. தொழிலோடு கணக்கு எழுதவும், சரக்கின் விலையை நிர்ணயிக்கவும், பாங்கு அதிகாரியிடம் கூசாமல் பேசவும் பழக்குகிறார்கள். அனுப்பிய பின் இரண்டு ஆண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து விசாரிக்கிறார்கள். பெங்களூருக்கு அருகே, துமகூர் நெடுஞ்சாலையில் நெலமங்கலத்தை அடுத்த அரிசினகுண்டேயிலும் இத்தகைய நிலையம் உண்டு. மத்திய சர்க்கார் 2009-ல் இதையே முன்மாதிரியாகக் கொண்டு ஜில்லாவுக்கு ஒன்றாக நிறுவ முற்பட்டது. தமிழ்நாட்டு ஜில்லாக்களிலும் பாங்குகள் இவற்றை நடத்திவருகின்றன. ஊரில் தம்பியோ தங்கையோ வேலையின்றி இருப்பவர்கள் அந்த ஜில்லாவின் முன்னோடி பாங்கில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

சிண்டிகேட் பாங்கின் பேரைச் சொன்னதும் ஒரு பழங்கதையையும் சொல்லிவிட வேண்டும். 1928-ல், அந்த பாங்கு உடுப்பியில் சிறிய ஸ்தாபனமாக இருந்த காலத்தில், 'பிக்மி' சேமிப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முகவர் நாள்தோறும் வாசலுக்கு வந்து இரண்டணா வாங்கிச் செல்வார். தண்டல்காரர் வருவது போலவே தினம் ஒருவர் வருகிறார். ஆனால் இவர் வாங்கிச் செல்வது கொடுத்தவருடைய சொந்தச் சேமிப்பு. அந்த பாங்கு 2020-ல் கனரா பாங்கோடு இணைந்துவிட்டது.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் ஓர் இடத்தில் முடிச்சு இருக்கிறது. ராமநகரத்துப் பட்டுக்கூடு சந்தையில் அதைத் தெளிவாகக் காணலாம். ஆசியாவிலேயே பெரிய கூட்டுச் சந்தை என்று பேர்பெற்ற அவ்விடத்துக்கு, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழ் விவசாயிகளும் பட்டுக்கூடுகளைக் கொண்டுவருகிறார்கள். ஏலத்தில் எடுப்பவர்கள் சிறு பட்டறை வைத்து நூல் இழைப்பவர்கள். இழைக்கும் யந்திரத்துக்குக் கடன் பெறுவது அவர்களுக்கு ஓரளவு சாத்தியமே. ஆனால் ஏலத்தில் கூடு எடுக்க உடனே பணம் வேண்டும். இழைத்த நூல் விற்றுப் பணம் திரும்பச் சில நாட்கள் ஆகும். இடையில் விலை இறங்கினால் முதலே கரையும். இந்த ஓடும் பணத்துக்கு மாதக் கணக்கில் விண்ணப்பம் பரிசீலிக்கும் பாங்கு எப்படி உதவும்? இட்லிக் கடைக்காரரும் பூக்காரம்மாளும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். கருவிக்குக் கடன் கொடுப்பதைத் திட்டங்கள் விரும்புகின்றன, ஏனெனில் கருவியைப் புகைப்படம் எடுக்கலாம். சரக்குக்கும் அன்றாடப் புழக்கத்துக்கும் தேவைப்படும் சிறு தொகையே சுயதொழிலின் உயிர் என்பதை அவை இன்னும் முழுதும் உணர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அந்த இடைவெளியில்தான் தனியார் நுண்கடன் கம்பெனிகள் புகுந்தன. அவையும் பெண்களைக் குழுவாகவே உட்கார வைக்கின்றன. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இங்கே சேமிப்பு இல்லை, வட்டி வெளியே போகிறது, புத்தகம் வசூலிக்க வருபவருடைய கருவிக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியின் ஒட்டுதல், வசூலிப்பவருக்குக் கூலியில்லாத காவலாக மாறிவிடுகிறது. கடன்மேல் கடன் ஏறியதால் 2009-ல் கோலாரிலும், பட்டுத் தொழில் நடக்கும் வேறு சில ஊர்களிலும் கடன் கட்டுவதே ஒட்டுமொத்தமாக நின்றுபோயிற்று. மறு ஆண்டு ஆந்திரத்தில் தற்கொலைச் செய்திகள் வந்து, அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கர்நாடகத்திலும் அத்தகைய துயரச் செய்திகளுக்குப் பின், 2025 பிப்ரவரியில் வசூல் கொடுமையைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. மிரட்டி வசூலிப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. தமிழ்நாடும் அதே ஆண்டில் இதையொத்த சட்டம் இயற்றியது.

இந்தக் கம்பெனிகளை அடியோடு வெறுப்பதும் சரியன்று. பாங்கு கதவைத் திறக்காத இடத்தில் அவர்கள் வாசலுக்கு வந்து கொடுத்தார்கள். வாங்குகிறவர் தம் உரிமையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்குத் தரும் நுண்கடனைப் பற்றி ரிசர்வ் பாங்கு 2022-ல் விதிகள் வகுத்தது. அந்தக் கடனுக்குப் பிணை கேட்கலாகாது. குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாக மாதந்தோறும் கட்டும் தொகை மாத வருமானத்தில் பாதியை மீறலாகாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யலாகாது. நிஜமான வட்டி விகிதம், ஒவ்வொரு தவணை, கட்டியதற்கு ஒப்புகை ஆகியவை அடங்கிய கடன் அட்டை ஒன்றைக் கடன் வாங்கியவர் கையிலேயே தர வேண்டும்.

நேயர்களே, அந்த அட்டையிலுள்ள விவரங்கள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியே. பெங்களூரில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட அட்டையை நீட்டினால், அவை தெரியாத தமிழ்ப் பெண் தமிழில் வேண்டும் என்று கேட்கலாம். மும்பையிலோ சூரத்திலோ இருப்பவரும் கேட்கலாம். இந்த விதி இருப்பதை அறியாததால் கேட்காதவர்கள் நம்மில் பலர். கேட்டும் கம்பெனி மறுத்தால், முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால், தமிழிலேயே வழி சொல்வார்கள்.